விதி மாறினால் கணக்கும் மாறும்

நம்ம சேலம் மாவட்டத்து சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் கான்பெராவில் ஆடிய முதல் ஒருநாள் போட்டியில் 10 ஓவரில் 70 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். அடுத்தது 2021 மார்ச் 28, புனே: 73 ரன், 1 விக்கெட். கபில்தேவ் ஒருநாள் போட்டிகளில் ஓவருக்குச் சராசரியாக 3.71 ரன்தான் கொடுத்தார். அப்படியானால் நடராஜன் சுமார்தானா? அவசரப்படாதீர்கள். இருவரும் ஆடியது ஒரே ஆட்டம் இல்லை.

ஒருநாள் போட்டிகளில் ரொம்ப காலம் இன்னிங்ஸுக்கு ஒரே பந்துதான். 2007-ல் 34 ஓவருக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு, அழுக்கில்லாத பழைய பந்து ஒன்றைத் தரும் விதி வந்தது. 2011 அக்டோபரில் ஐசிசி பெரிய மாற்றம் செய்தது: முனைக்கு ஒன்றாக இரண்டு புதுப் பந்துகள். 50-வது ஓவரிலும் பந்தின் வயது 25 ஓவர்தான். பந்து தேயாததால் ரிவர்ஸ் ஸ்விங் அபூர்வமானது. 2012-ல் பவர்பிளே இல்லாத ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஃபீல்டர்களையும் ஐந்திலிருந்து நாலாகக் குறைத்தார்கள். கடைசி 10 ஓவருக்கு அந்த ஐந்தாவது ஆள் திரும்பி வந்தது 2015-ல்.

விளைவைப் பாருங்கள். 1971-ல் தொடங்கிய ஆண்கள் ஒருநாள் போட்டிகளில் 2011 அக்டோபர் வரை ஒரே ஒரு இரட்டைச் சதம், 2010-ல் குவாலியரில் சச்சின் அடித்தது. அதற்குப் பிறகு 2024 பிப்ரவரிக்குள் 11! அதில் ரோகித் சர்மாவுடையது மட்டும் மூன்று. கனமான மட்டை, டி20 பழக்கம் எல்லாம் காரணம்தான். ஆனால் விதிக்கும் பங்கு உண்டு.

இப்போது புனேவுக்கு வருவோம். இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும், களத்தில் சாம் கரன். பழைய பந்தின் உதவி இல்லாமல் நடராஜன் கொடுத்தது 6 ரன். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. "10-73-1" என்ற வரியில் இது தெரியுமா?

2025 ஜூலையில் விதி மறுபடி மாறியது. 34 ஓவர் வரை இரண்டு பந்துகள், பிறகு அவற்றில் ஒன்று மட்டும். கடைசி ஓவரில் அதன் வயது 33 ஓவர் இருக்கும். பவுலர்களின் கணக்கு இனி கொஞ்சம் அழகாகத் தெரியலாம். அதற்காக 2011-க்கும் 2025-க்கும் நடுவில் பந்து போட்டவர்களை மட்டம் தட்டாதீர்கள் நண்பர்களே. எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் வருஷத்தையும் பாருங்கள்.