வெயில் காயும் ஆமைகள்: ஒரு விளக்கம் உருவான வரலாறு

நன்னீர் ஆமை வெயில் காயும்போது கழுத்தை முழுதாக நீட்டும். பின்கால்களைப் பின்னோக்கி விரித்து, விரலிடைச் சவ்வு வெயிலில் படும்படி வைத்துக்கொள்ளும். இடம் போதாவிட்டால் ஒன்றன் முதுகில் மற்றொன்று ஏறிக் கிடக்கும். யாவரும் கண்ட காட்சிதான். ஆனால் அதன் காரணத்தை விளக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவில், செங்காது ஆமையையும் வண்ண ஆமையையும் வைத்து நடந்தன.

ஊர்வன சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்பச் சும்மா ஏறி இறங்கும் உயிர்கள் என்பதே பழைய கருத்து. பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்த ரேமண்ட் கௌல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் 1944இல் இதை மறுத்தனர். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று அவை தம் உடல் வெப்பத்தைத் தாமே ஒரு வரம்புக்குள் நிறுத்துகின்றன என்று அளந்து காட்டினர். செங்காது ஆமையின் வாழ்க்கை வரலாற்றை ஃபிரெட் கேகிள் 1950இல் விரிவாக வெளியிட்டார். ஓட்டில் படரும் பாசியை உலர்த்தவே ஆமை கரையேறுகிறது என்ற கருத்தும் அக்காலத்தில் பேசப்பட்டது. 1954இல் நீலும் ஆலனும் பாசியைப் பற்றித் தனியே எழுதினர். அட்டையை உதிர்ப்பது, புற ஊதாக் கதிரைப் பெறுவது என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. இவற்றையெல்லாம் ஒருசேர எடைபோட்டது டான் பாயர் 1965இல் எழுதிய கட்டுரை. அதன் பிறகு வெப்பமே மையக் கேள்வியானது.

எந்த வெப்பத்தை அளப்பது என்பதில்தான் உண்மையான முன்னேற்றம் இருந்தது. காற்றின் வெப்பநிலை மட்டும் போதாது. கதிர்வீச்சும் காற்றோட்டமும் சேர்ந்தே ஓட்டைச் சூடாக்குகின்றன. இவற்றை ஒரே எண்ணாகக் கணிக்கும் முறையை கிராஃபோர்டும் ஸ்போடிலாவும் ஸ்டாண்டோராவும் 1983இல் செங்காது ஆமையின் இனத்துக்குப் பயன்படுத்தினர். அந்த எண் ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸை எட்டாதவரை ஆமைகள் வெயில் காய வரவில்லை. உடல் சூடானால் செரிமானம் விரைவுபடும், முட்டை வளரும். வசந்தகாலத்தில் வெயில் காய்வது மிகுவதற்கு இதுவே பொருத்தமான விளக்கம்.

வெயில் காய வழியில்லாத குளிர்காலம், பருவத்தின் மறுமுனை, இன்னும் வியப்பானது. பனிக்கட்டி மூடிய குளத்தடியில் வண்ண ஆமை மூச்சின்றி மாதக்கணக்கில் கிடக்கும். டொனால்ட் ஜாக்சனும் கார்டன் அல்ட்ஷும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், 3 டிகிரி குளிரில், ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரிலும் அது மூன்று மாதத்துக்கு மேல் பிழைத்தது. உயிர்ச்செயல் வேகம் பத்தில் ஒரு பங்காகத் தணிகிறது. ஆக்சிஜன் இன்றி உண்டாகும் லாக்டிக் அமிலத்தை ஓட்டிலிருந்து வெளிவரும் கால்சியம், மெக்னீசியம் கார்பனேட்டுகள் சமன்செய்கின்றன. லாக்டேட்டாக மாறும் அந்த அமிலத்தில் கணிசமான பங்கு ஓட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கவசமாக மட்டும் கருதப்பட்ட உறுப்பு, குளிர்காலத்தில் ஒரு வேதிக் கிடங்காக வேலை செய்கிறது.

மீண்டும் வெயிலுக்கு வந்தால், வெயில் காயும் இடமே ஒரு வளம் என்பது பின்னர் உறுதியானது. வரைபட ஆமைகளைக் கணக்கெடுத்த பீட்டர் லிண்டெமன், ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களின் அளவோடு ஆமைகளின் எண்ணிக்கை சேர்ந்து செல்வதை 1999இல் காட்டினார். ஆற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக் கட்டைகளை அகற்றுவது ஆமைகளுக்குச் செய்யும் நேரடிக் கேடு. வளர்ப்புக்காக உலகெங்கும் விற்கப்பட்டுக் குளங்களில் விடப்பட்ட செங்காது ஆமை மற்றொரு நெருக்கடியை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியைத் தடுத்தது. 2003இல் காடியும் ஜோலியும் வெளியிட்ட சோதனையில், நல்ல இடங்களை வந்தேறி ஆமை பிடித்துக்கொள்ள, ஐரோப்பியக் குள ஆமை தரம் குறைந்த இடங்களுக்கு ஒதுங்கியது.

அண்மையில் கேள்வியே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் அருகே, ராஸ் ஆற்றில், ஆமைகள் இரவிலும் கட்டையில் ஏறிக் கிடப்பதை நார்ட்பெர்கும் மக்நைட்டும் 2020இல் பதிவுசெய்தனர். 2023இல் வெளியான உலகளாவிய ஒப்பீடு, வெப்ப மண்டலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பல இனங்களிடம் இதைக் கண்டது. மிதவெப்ப நாடுகளில் காணவில்லை. கோடையில் ஆற்றுநீர் இரவிலும் ஆமை விரும்பும் அளவைவிடச் சூடாக இருக்கிறது, வெளிக்காற்றோ குளிர்ந்துவிடுகிறது. ஆகவே அவை உடலைத் தணித்துக்கொள்ளக் கரையேறுகின்றன என்பதே இப்போது முன்வைக்கப்படும் விளக்கம்.