62 கிலோ முட்டைக்கோஸ், 100 நாள் கோடை: குளிர் ஊர்களில் காய்கறி எப்படி விளைகிறது?

2012ஆம் ஆண்டு அலாஸ்கா மாநிலக் கண்காட்சியில் ஒரு முட்டைக்கோஸை எடை போட்டார்கள். 62.71 கிலோகிராம்! ஸ்காட் ராப் என்பவர் வளர்த்த அந்த முட்டைக்கோஸ், உலகிலேயே ஆகக் கனமானது என்று கின்னஸில் இடம்பெற்றது.

கண்காட்சி நடக்கும் பால்மர் ஊரில் செடிகள் உறைபனிக்குப் பயப்படாமல் வெளியே நிற்கக்கூடிய காலம் சுமார் 100 நாள். நல்ல வருடம் என்றால் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். அப்புறம் எப்படி இது?

முதலில், உறைபனி என்பது என்ன?

பனி என்றதும் வெள்ளையாகக் கொட்டும் பனிப்பொழிவு உங்கள் நினைவுக்கு வரலாம். தோட்டக்காரர்கள் அதற்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. தரையில் குவியும் பனி, போர்வை மாதிரி வேர்களைக் காப்பாற்றவும் செய்யும்.

பயமெல்லாம் உறைபனிக்குத்தான். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். இலை மேல் வெப்பம் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, உயிரணுக்கள் சிதைந்துபோகும். காலையில் போய்ப் பார்த்தால் தக்காளிச் செடி வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். ஒரே இரவில் மூன்று மாத உழைப்பு காலி.

வானிலை அறிக்கையில் "2 டிகிரி" என்று இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. வெப்பமானியைத் தரைக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்திருப்பார்கள். தரையை ஒட்டிய காற்று அதைவிட மூன்று, நான்கு டிகிரி குளிர்ந்திருக்கலாம். அதனால்தான் அங்குள்ளவர்கள் பொழுது சாய்வதற்குள் பழைய படுக்கை விரிப்புகளைச் செடிகள் மேல் போர்த்துகிறார்கள். துணி தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் விரிப்பு இலையில் ஒட்டினால், ஒட்டிய இடம் உறைந்துவிடும்.

நாள் எண்ணும் கணக்கு

வசந்தத்தின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர்காலத்தின் முதல் உறைபனிக்கும் இடையில் எத்தனை நாள்? குளிர் ஊர்த் தோட்டம் முழுக்க இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஆனால் வெளியிடப்படும் தேதி பெரும்பாலும் சராசரிதான். அதை நம்பி நட்டால் பாதி வருடங்களில் அதற்குப் பிறகும் உறைபனி வரக்கூடும்.

விதைப் பொட்டலத்தில் "65 நாள்" என்று போட்டிருக்கும். தக்காளிக்கு அந்தக் கணக்கு, நாற்றை வெளியே நட்ட நாளிலிருந்து. அதற்கு முன் ஆறிலிருந்து எட்டு வாரம் வீட்டுக்குள், விளக்கொளியில் நாற்று வளர்க்க வேண்டும். அதை நேராகக் கொண்டுபோய் வெளியில் வைத்தால் வாடிவிடும். முதல் நாள் ஒரு மணிநேரம், அடுத்த நாள் இரண்டு மணிநேரம் என்று வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குவார்கள்.

இன்னொன்று, எல்லா நாளும் ஒரே நாள் கிடையாது. 10 டிகிரிக்குக் கீழே தக்காளி ஏறக்குறைய வளர்வதே இல்லை. மண்ணைச் சூடாக்க மேட்டுப்பாத்தி, கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு என்று பல வழி பார்க்கிறார்கள்.

முட்டைக்கோஸ், கேல், கேரட்டுக்கு இந்தக் கவலை குறைவு. குளிர் வந்தால் கேரட் தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கலந்த நீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. முதல் உறைபனிக்குப் பிறகு பிடுங்கிய கேரட் இனிப்பதற்கு அதுவே காரணம்.

நாள் குறைவு, வெளிச்சம் அதிகம்

சிங்கப்பூரில் வருடம் முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணிநேரம். பால்மரில் ஜூன் பிற்பகுதியில் சுமார் 19 மணிநேரம்! முட்டைக்கோஸ் அத்தனை நேரமும் சாப்பாடு தயாரித்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்றும் அதற்குப் பிடிக்கும். 62 கிலோவின் ரகசியத்தில் பெரும்பங்கு இதுதான்.

எல்லாச் செடிக்கும் இது வரம் இல்லை. பசலைக்கீரை வகையான ஸ்பினச், பகல் நீண்டால் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூக்க ஆரம்பித்துவிடும். அவரையின் பாரம்பரிய ரகங்கள் பல நேர்மாறானவை. பகல் சுருங்கினால்தான் பூக்கும். அது பூக்கும்போது உறைபனி வாசலில் நிற்கும். உங்களுக்கு டொரோண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கறிவேப்பிலை அங்கே தொட்டிச் செடி. குளிர் தொடங்கினால் அதற்கும் வீட்டுக்குள்தான் இடம்.

பூமி சூடானால் நல்லதுதானே?

உறைபனி இல்லாத காலம் பல இடங்களில் நீண்டுவருவது உண்மை. ஆனால் சீக்கிரம் வரும் வெப்பம் செடிகளை ஏமாற்றும். 2021இல் பிரான்ஸில் மார்ச் மாத இறுதியிலேயே வெயில் அடித்ததில் திராட்சைக் கொடிகள் துளிர்த்துவிட்டன. ஏப்ரலில் உறைபனி வந்து துளிர்களைக் கருக்கியது. பெரும் சேதம்.

கடையில் வாங்கினால் போதாதா?

கனடாவின் வடக்குக் கோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது இனுவிக். அங்கே சுமார் 8 வாரம் சூரியன் மறையாது. குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் உதிக்காது. தெற்கிலிருந்து வரும் நெடுஞ்சாலை இரண்டு ஆறுகளைக் கடக்கிறது. பாலம் இல்லை. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே பாதை. ஆறு உறையத் தொடங்கும்போதும் உருகும்போதும் இரண்டுமே இல்லை. சில வாரங்களுக்குச் சாலை துண்டிக்கப்படும். காய்கறி விமானத்தில்தான் வர வேண்டும். விலையைச் சொல்லவே வேண்டாம்.

1990களின் இறுதியில், இடிக்கவிருந்த ஓர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தை அங்குள்ளவர்கள் கேட்டு வாங்கினார்கள். கூரையை எடுத்துவிட்டு ஒளி புகும் தகடுகளைப் போட்டார்கள். இப்போது அது சமூகப் பசுமைக்கூடம். கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்கள் ஆளுக்கொரு பாத்தி எடுத்துப் பயிரிடலாம். மேல்தளத்தில் விற்பனைக்கான செடிகள் வளர்கின்றன.

என்னதான் கூரை போட்டாலும் செப்டம்பர் இறுதிவாக்கில் பருவம் முடிந்துவிடும். அதன் பிறகு உள்ளே சூடேற்றும் செலவு கட்டுப்படியாகாது. ஆறு உறையத் தொடங்கிப் படகு நிற்கும் அந்த வாரங்களில் இனுவிக் மறுபடியும் விமானத்தை எதிர்பார்த்துத்தான் காத்திருக்கும்.