அவரைப் பந்தலும் ஒரு கொலை வழக்கும்

ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதை 1887-ல் வெளிவந்தது. பிணம் கிடந்த அறையின் தரையிலிருந்து சிறிது சாம்பலைத் திரட்டிப் பார்த்த ஹோம்ஸ், கொலைகாரன் புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை எங்கள் ஊர்க்காரர் கையால் உருண்டு, லண்டன் வரை போயிருக்கிறது!

நான் வளர்ந்தது புத்தூரில். சுருட்டுத் தொழிலுக்குப் பேர்போன உறையூர் கூப்பிடு தூரம். 1989-ல் எங்கள் கொல்லையில் அவரைப் பந்தல் முழுவதும் அசுவினி அப்பிக்கொண்டது. அப்பா உறையூரிலிருந்து புகையிலைக் காம்பும் தூளுமாக ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அரைக் கிலோவை நாலரை லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, பார் சோப்பைச் சீவிக் கரைத்துச் சேர்த்தாள் அம்மா. ஆறேழு பங்கு தண்ணீர் விட்டுத் தெளிக்க வேண்டிய கஷாயம் அது. ஆறு வயதுத் தம்பிக்கு அந்தப் பொறுமை ஏது? பீச்சாங்குழலை அப்படியே முக்கி, பந்தலடியில் நின்று மேல்நோக்கி அடித்துவிட்டான். அசுவினியோடு அவனும் நனைந்தான்.

அரைமணிக்குள் வாந்தி, வியர்வை, தலைசுற்றல். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, டாக்டர்!" என்று அம்மா அழுதாள்.

"குடிக்க வேண்டாம் அம்மா, தோலே குடித்துவிடும். முதலில் சட்டையைக் கழற்றுங்கள்" என்றார் அவர்.

தம்பி பிழைத்தான். நான் புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன்.

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே புகையிலை நீரைப் பூச்சிகள்மேல் தெளித்தார்கள். அதிலுள்ள விஷத்தை 1828-ல் ஹைடல்பர்க்கில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் தனியே பிரித்தெடுத்தார்கள். புகையிலையை பிரான்சு அரசவைக்கு அனுப்பிய ழான் நிக்கோ என்ற தூதரின் பெயரை ஒட்டி, அது நிக்கோடின் ஆயிற்று. செடி அதை வேரில் உண்டாக்கி இலைக்கு ஏற்றுகிறது. தின்ன வரும் பூச்சியின் நரம்பைத் தாக்கத்தான்.

இலையில் அது அமிலத்தோடு பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு சேர்த்தால் விடுபடும். நீராவியோடு வடித்து எடுக்கலாம். தாம்பூலத்தில் புகையிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பவர்கள் வாய்க்குள் நடத்துவதும் பாதி இந்த ரசாயனந்தான்! வடித்த நிக்கோடின் காற்றில் பறந்துவிடும். ஆகவே கந்தகாமிலத்தில் பிடித்து, நிக்கோடின் சல்பேட்டாக விற்றார்கள். தெளிக்கும்போது சோப்பின் காரம் மறுபடி அதை விடுவிக்கும். அம்மா சோப்பைச் சீவியதற்குக் காரணம் இருந்தது.

இனி அந்தக் கொலை. பெல்ஜியத்துப் பிரபு பொக்கார்மே, கடன் தொல்லையில் மூழ்கியவன். பொய்ப்பெயரில் ரசாயனம் கற்று, புகையிலையிலிருந்து தானே நிக்கோடின் இறக்கினான். 1850 நவம்பரில் சொத்துக்காக மைத்துனனுக்கு அதைப் புகட்டினான். உடலுக்குள் போன தாவர விஷத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது என்று வல்லுநர்களே எண்ணியிருந்த காலம். ழான் ஸ்டாஸ் என்ற ரசாயன அறிஞர் அதைப் பிணத்திலிருந்து பிரித்துக் காட்டினார். 1851-ல் பிரபுவின் தலை உருண்டது. ஹோம்ஸுக்கு முப்பத்தாறு ஆண்டு முந்திய நிஜத் துப்பறிவாளர் அவர்!

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மலிவான டி.டி.டி. வந்து நிக்கோடினை ஓரங்கட்டியது. 1992-ல் நம் அரசாங்கம் நிக்கோடின் சல்பேட்டை உள்நாட்டு உபயோகத்துக்குத் தடை செய்தது. ஏற்றுமதிக்கு மட்டும் தயாரிக்கலாம் என்றது. நம் தோலுக்கு ஆகாதது பிறர் தோலுக்கு ஆகுமா? எனக்கு இன்றும் விளங்கவில்லை. செடியிலிருந்து வந்ததால் சாது என்று நம்புவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் தம்பியைத்தான் காட்டவேண்டும்.

அம்மா அதற்குப் பிறகு பந்தலுக்குச் சாம்பல்தான் தூவினாள். வெந்நீர் அடுப்புச் சாம்பல். சுருட்டுச் சாம்பல் அல்ல.