இரவல் வேலியும் சொந்த வேலியும்

சமய வரலாற்றை அற்புதங்களின் வரலாறாக எழுதுவோர் ஒருசாரார். அதனை வெறும் மயக்கத்தின் வரலாறென்று ஒதுக்கிவிடுவோர் மற்றொருசாரார். இருசாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆலயத்துக்குள் நுழையும் மனிதன் தன் ஊரையும் தொழிலையும் சாதியையும் வாசலிற் கழற்றி வைத்துவிட்டு நுழைவதில்லை. ஆகவே ஆலயங்கள் பிரிவதும் கூடுவதும் சமூக வரலாற்றின் பகுதிகளே. அந்தக் கண்கொண்டு ஆராயத்தக்க நிகழ்ச்சியொன்று 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி சென்னை நகரில் நடைபெற்றது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, கொங்கிறிகேஷனல், பிரெஸ்பிற்றேரியன் என்னும் நான்கு மரபுகளாகப் பிரிந்து நின்ற கிறிஸ்தவர்கள் அன்று தென்னிந்தியத் திருச்சபை என்ற ஒரே சபையாயினர். பேராயர் ஆட்சியைக் கொண்ட சபையும் அந்த ஆட்சியை ஏற்காத சபைகளும் ஒன்றாக இணைந்தமை, ஐரோப்பிய சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் அதுவே முதற்றடவை என்பர். அவ்விணைப்பில் யாழ்ப்பாணமும் ஒரு பங்காளி என்பதை நம் மாணவருட் பலர் அறியார்.

இச்சபைப் பிரிவுகள் தமிழ் மண்ணில் முளைத்தவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே, அரச அதிகாரத்தைத் துணைக்கொண்ட பேராயர்களின் அடக்குமுறையை எதிர்த்துப் பலர் கிளர்ந்தனர். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளவேண்டும் என்பது அவர்களது கொள்கை. அவர்களுட் பலர் கடல் கடந்து அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் கரையிற் குடியேறினர். அவர்களின் வழிவந்தோர் 1810இல் நிறுவிய மிஷன் சங்கம் 1816இல் யாழ்ப்பாணத்துக்குப் பாதிரிமாரை அனுப்பிற்று. அதற்கு முன்னரே, 1814இல், இங்கிலாந்தின் வெஸ்லியன் மெதடிஸ்தர் வந்திருந்தனர். 1818இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சேர்ச் மிஷனரிச் சங்கத்தார் வந்து சேர்ந்தனர்.

மூன்று சங்கங்களும் ஒரு சிறிய குடாநாட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் முதலிய ஊர்கள் அமெரிக்க மிஷனுக்கு. நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய் என்பன சேர்ச் மிஷனுக்கு. யாழ்ப்பாண நகரும் பருத்தித்துறையும் மெதடிஸ்தருக்கு. தென்னிந்தியாவிலும் இதே முறைதான். திருநெல்வேலியிற் கிறிஸ்தவனானவன் அங்கிலிக்கன் ஆனான்; மதுரையிற் கிறிஸ்தவனானவன் அமெரிக்கக் கொங்கிறிகேஷனல் சபையான் ஆனான்; நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சபையான் ஆனான். இவர்களுள் எவரும் கொள்கைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து தம் சபையைத் தெரிந்தெடுத்தவர் அல்லர். பிறந்த ஊர் எந்த மிஷனின் பங்கில் விழுந்ததோ அதுவே அவர்களது சபையாயிற்று. இங்கிலாந்து மன்னனுக்கும் பியூரித்தானியருக்கும் இடையே நடந்த வழக்கை வட்டுக்கோட்டை உழவன் அறியான். ஆயினும் அவ்வழக்கின் ஒரு கட்சியில் அவனது பெயர் பதியப்பட்டுவிட்டது. வேலிக்குப் பேர்போன நம் நாட்டில் இது கடல் கடந்து வந்த இரவல் வேலி.

அவ்வேலியின் முதற் பொட்டு நூலொன்றினால் திறக்கப்பட்டது என்பது இலக்கிய மாணவர் மனங்கொள்ளத்தக்கது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் கடவுளைக் குறிக்கும் சொல்லிலேயே வேறுபட்டனர். தரங்கம்பாடியிலே சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். பின் வந்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணையுடன் ஆக்கி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. ஒரே தமிழைப் பேசியோர் ஆலயத்துக்கு ஆலயம் வெவ்வேறு பெயரால் இறைவனை அழைத்தனர். பின்னர் பல மிஷன்களைச் சேர்ந்தோர் ஒரு குழுவாகக் கூடி, பவர் ஐயரின் தலைமையில் உழைத்து, 1871இல் ஒரு பொதுமொழிபெயர்ப்பை வெளியிட்டனர். 'ஐக்கிய மொழிபெயர்ப்பு' என்றே அது பெயர்பெற்றது. லுத்தரன் சபையார் பப்ரிசியஸின் நூலை எளிதிற் கைவிடவில்லையெனினும், ஏனைய தமிழ்ச் சபைகள் பலவற்றுக்கு ஒரு பொது நூல் கிடைத்தது. ஒன்றாக வழிபடுமுன் அவர்கள் ஒன்றாக வாசிக்கக் கற்றனர்.

நிருவாக ஐக்கியம் 1908இல் தொடங்கிற்று. கொங்கிறிகேஷனல் சபைகளும் பிரெஸ்பிற்றேரியன் சபைகளும் கூடித் தென்னிந்திய ஐக்கிய சபையை அமைத்தன. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதிற் சேர்ந்தன. பேராயர் இல்லாத இவ்விரு மரபுகளும் இணைவது அத்துணைக் கடினமன்று. கடினமான பகுதி இனித்தான் இருந்தது. அதற்கு வழிதிறந்தவர்களுள் தலையாயவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் நாடார் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1902இல் அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்திலே தம்மவர் ஒருவரைத் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு ஊழியத்துக்கு அனுப்பியிருந்ததை அறிந்தார். வெள்ளையரின் பணமும் தலைமையுமின்றித் தமிழர் ஒரு பணியை நடத்தவியலும் என்ற உண்மை அவர் உள்ளத்திற் பதிந்தது. அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றிற்று. யாழ்ப்பாணம் இந்தியாவுக்குக் கொடுத்த வித்துகளில் இதுவும் ஒன்று.

1910இல் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தனர். ஆசியாவிலிருந்து வந்தோர் இருபதின்மருக்கும் குறைவு. அம்மன்றத்தில் அசரியா எழுந்து, மிஷனரிமாரின் தியாகங்களையெல்லாம் போற்றிவிட்டு, இந்தியர் அவர்களிடம் எதிர்பார்ப்பது தோழமையே என்று கூறினார். தானம் செய்யும் கை தோள்மேற் கை போடவில்லை என்பதே அப்பேச்சின் சாரம். சபையோரிற் பலர் முகஞ்சுளித்தனர். அதே மாநாட்டில் சீனத்து இளைஞர் செங் சிங்-யி, மேனாட்டுச் சபைப் பிரிவுகளிற் சீனருக்கு நாட்டமில்லை என்பதை ஏழே நிமிடங்களில் எடுத்துரைத்தார். சபைப் பிரிவின் பிரச்சினையும் குடியேற்ற ஆட்சியின் பிரச்சினையும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது அன்று வெளிப்பட்டது. 1912இல் அசரியா தோர்னக்கல் பேராயரானார்; அங்கிலிக்கன் பேராயர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

அடுத்து வந்தது முதலாம் உலகப்போர். அன்பைப் போதித்த நாடுகள் ஒன்றையொன்று கொன்று குவித்தன. இந்தியாவிலிருந்த ஜேர்மன் மிஷனரிமார் பகைநாட்டாரென்று வெளியேற்றப்பட்டனர். மேனாட்டுக் கிறிஸ்தவத்தின் தலைமை மீதிருந்த மயக்கம் கலைந்தது. 1919 ஏப்பிரலில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அது நடந்து மூன்று வாரமும் ஆகுமுன், மே மாதம் முதலாம் இரண்டாம் திகதிகளில், சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில், அங்கிலிக்கன் சபையையும் ஐக்கிய சபையையும் சேர்ந்த முப்பத்துமூவர் கூடினர். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். இப்பிரிவுகளைத் தாம் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து தம்மீது சுமத்தப்பட்டவை, அவற்றை நீடிக்கத் தாம் விரும்பவில்லை என்ற கருத்தை அவர்கள் தம் அறிக்கையில் வெளியிட்டனர். இறையியல் மொழியில் எழுதப்பட்டதாயினும், அவ்வறிக்கையில் விடுதலை யுகத்தின் குரலைக் கேட்கலாம்.

குரல் எழுப்பியது இரண்டு நாளில். காரியம் முடிந்தது இருபத்தெட்டு ஆண்டுகளில். 1920இல் இணைப்புக் குழு அமைந்தது. 1925இல் மெதடிஸ்தரும் வந்து சேர்ந்தனர். 1929இல் முதல் திட்டம் அச்சாயிற்று. பின்னர் அது பன்முறை திருத்தப்பட்டது. இத்தனை காலமும் விவாதிக்கப்பட்ட முதன்மையான பொருள் யாது? பேராயரின் கை தலைமீது படாமற் குருவானவர் மெய்யான குருவா என்பதே. அப்போஸ்தலர் காலந்தொட்டு அறாது வரும் பேராயர் மரபின்றித் திருச்சபை இல்லை என்றனர் அங்கிலிக்கர் சிலர். தாம் இதுகாறும் நடத்திய இராப்போசனம் வெறும் சோறா என்று மற்றவர் வெகுண்டனர்.

இறுதியில் ஓர் இணக்கம் காணப்பட்டது. ஏற்கெனவே பணியிலிருந்த குருமார் அனைவரும் மறு அபிஷேகமின்றி ஏற்றுக்கொள்ளப்படுவர்; இனி நடைபெறும் அபிஷேகங்கள் பேராயர்களாலேயே நடைபெறும்; முப்பது ஆண்டுகள் இவ்விரு வகையினரும் அருகருகே பணியாற்றுவர்; எந்தச் சபைமீதும் அது மனமொப்பாத குருவானவர் திணிக்கப்படார். தத்துவத்தில் தீராத பிணக்கைக் காலத்தின் கையில் ஒப்படைத்த இவ்வேற்பாடு, அரசியல் அறிந்தோரும் கற்கத்தக்கது. ஆங்கிலக் கவிஞர் ரி. எஸ். எலியற் 1943இல் இத்திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூலே எழுதினார். புதுக்கவிதையின் புரட்சியாளரென்று நாம் வகுப்பறையிற் போற்றும் அவர், தென்னிந்தியக் கிராமத்தாரின் ஐக்கியத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் அழிவைக் கண்டார்! அசரியா 1945ஆம் ஆண்டின் முதல் நாளன்று இறந்தார். அம்மாதத்திலேயே அவருடைய சபையின் பொதுமன்றம் தென்னிந்திய ஆதீனங்கள் இணைவதற்கு இசைவளித்தது.

இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரங்களின் பின், சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில், திருவிதாங்கூர்ப் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமைதாங்க, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைக் கொண்ட புதிய திருச்சபை பிறந்தது. பதினான்கு ஆதீனங்களுள் யாழ்ப்பாணம் ஒன்று. எஸ். குலேந்திரன் அதன் முதற் பேராயரானார். தமிழ் விவிலியத்தின் வரலாற்றை எழுதிய அறிஞர் இவரே. பேராயரே வேண்டாமென்று கடல் கடந்தவர்களின் வழியில் வந்த சபை, மூன்று நூற்றாண்டுகளின் பின் வட்டுக்கோட்டையிலே தன் மக்களுள் ஒருவரைப் பேராயராக ஏற்றுக்கொண்டது.

ஆயினும் இங்கொரு முரண்பாடு உண்டு. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபை பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள சபைகளோடு ஒன்றாயிற்று. நான்கு கட்டைக்கு இப்பாலுள்ள சபைகளோடு ஒன்றாகவில்லை. சுண்டிக்குளி அங்கிலிக்கர் கொழும்பு ஆதீனத்துக்கு உரியவராயும், பருத்தித்துறை மெதடிஸ்தர் இலங்கை மெதடிஸ்தராயுமே இருந்தனர். இலங்கைக்கென 1940களிலே தொடங்கிய ஐக்கியத் திட்டம் அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்ரிஸ்தர், பிரெஸ்பிற்றேரியர், யாழ்ப்பாண ஆதீனத்தார் ஆகிய ஐவரையும் இணைக்க முயன்றது. 1970களின் தொடக்கத்தில் அது கரைசேரும் தறுவாயில், அங்கிலிக்கருட் சிலர் நீதிமன்றத்தை நாடினர், திட்டம் நின்றது. வட இந்தியத் திருச்சபையோ 1970இல் நாகபுரியில் அமைந்துவிட்டது. நம் நாட்டுச் சபைகள் இன்றும் தனித்தனியே நிற்கின்றன.

இனி, இவ்வரலாற்றில் முற்போக்காளர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. தரங்கம்பாடி அறிக்கை வெளியிலிருந்து வந்த பிரிவை இனங்கண்டது. உள்ளேயிருந்த பிரிவு என்னவாயிற்று? பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தரங்கம்பாடி, தஞ்சாவூர்ச் சபைகளிற் சாதிக்கொரு இருக்கை இருந்தது. இராப்போசனக் கிண்ணத்தை யார் முன்னர் அருந்துவது, யார் பின்னர் அருந்துவது என்ற வழக்கும் இருந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் சாதியாசாரத்தை அறவே விட்டொழிக்குமாறு கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையைவிட்டே வெளியேறினர். யாழ்ப்பாணத்திலும், 1930ஐ அண்டிய ஆண்டுகளிலே, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, பாடசாலைக் கொட்டில்கள் தீக்கிரையாயின. குருத்துவத்தின் செல்லுபடியைப் பற்றி இருபத்தெட்டு ஆண்டுகள் விவாதித்த பெரியோர், சாதியின் செல்லுபடியைப் பற்றி அதிற் பத்திலொரு பங்கு காலமேனும் விவாதித்திருப்பின் வரலாறு வேறாயிருக்கும். ஐக்கியத்தின் பின்னரும் பேராயர் தேர்தல்களிலே சாதிக் கணக்குப் பார்க்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. இரவல் வேலியைப் பிடுங்கிய கைகள் சொந்த வேலியின் கதியால்களை அசைக்கத் தயங்கின.

இதனால் அவ்வைக்கியத்தின் பெருமை குன்றாது. அது தன்னுள்ளே ஒரு மருந்தையும் வைத்திருக்கிறது. 1950இல் வெளியான தென்னிந்தியத் திருச்சபையின் இராப்போசன வழிபாட்டு முறையில், கேரளத்துச் சீரியக் கிறிஸ்தவரின் பழைய வழக்கமொன்று சேர்க்கப்பட்டது. சமாதானம் கூறும் வேளையில் ஒருவர் தம் வலக்கையை அடுத்தவரின் வலக்கையோடு சேர்த்து, இடக்கையால் அதை மூட, அவ்வாறே அது கைமாறிக் கைமாறி ஆலயம் முழுவதும் செல்லும். மேனாட்டார் இதை அழகிய சடங்கென்று வியந்தனர். அவர்களுட் பல சபைகள் பின்னர் இதையொத்த வழக்கத்தை மேற்கொண்டன. ஆனால் இதன் பொருளை அவர்களிலும் நன்கு அறியக்கூடியவர் நாமே. தீண்டலுக்கு விதி வகுத்த சமுதாயத்தில், அடுத்திருப்பவர் யாரென்று கேளாமற் கையைப் பற்றுவது சிறு காரியமன்று. அக்கை வரிசை, பின்வாங்கில் இருப்பவரையும் வாசற்படியில் இருப்பவரையும் விட்டுவிடாது செல்லவேண்டும். ஆலயத்தில் நீட்டிய அதே கை, கிணற்றடியிலும் பந்தியிலும் கலியாணப் பேச்சிலும் நீளவேண்டும்.

ஐக்கியம் என்பது கையொப்பங்களால் தொடங்கலாம், கையொப்பங்களால் நிறைவேறாது. தரங்கம்பாடியில் கூடிய முப்பத்துமூவர் தமக்கு அயலார் இட்ட வேலியை அடையாளங்கண்டு சொல்லும் துணிவு பெற்றிருந்தனர். தாமே இட்ட வேலியை அடையாளங்கண்டு சொல்லும் துணிவு அதனினும் பெரிது. கிறிஸ்தவருக்கு மட்டுமன்றி, ஒற்றுமையைப் பேசும் நம் அனைவருக்கும் அவ்வரலாறு விட்டுச்சென்ற வேலை அதுவே.