சட்டாம்பிள்ளையிலிருந்து சூம் வரை: துறைமுக நகரில் கூட்டுப் பயிற்சி

குழுவாக அமர்த்திப் பயிற்றுவிப்பதே கல்வியின் புதிய போக்கு என்று இன்று பலரும் எழுதுகின்றனர். தமிழருக்கு இது புதிதன்று. திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. முன்னதாகப் படித்துத் தேறிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் படைவீரர்களின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல் என்ற மதகுரு, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்தினார்; மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வழியாக அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயருடன் உலகெங்கும் பரவியது.

இந்த வரலாற்றைத் திருகோணமலையில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்துறைமுகத்தைக் கையளித்துச் சென்றது. அதுவரை ஆங்கிலம் அறிந்தவருக்கே நல்ல உத்தியோகம் என்பது நகரத்தின் எழுதாத விதி. 1925இல் துறவியாக ஈழம் திரும்பிய சுவாமி விபுலாநந்தர், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தியவர். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது கடற்றொழிலாளரின் பிள்ளைக்கும் கதவு திறந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் கதவு குறுகியதாகவே இருந்தது.

அக்கதவில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்னும் பூட்டு விழுந்தது. பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளி பெறவேண்டும், சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதும் என்றானது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதனை யாழ்ப்பாணத்தின் கண்கொண்டு மட்டுமே எழுதிவந்தோம். அங்கு அது பேரிழப்பு, ஐயமில்லை. ஆனால் பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்பட்ட திருகோணமலையின் பிள்ளைகளுக்கு அதே ஒதுக்கீடு ஒரு வாசலாகவும் அமைந்தது. இன்றும் பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாக அனுமதி பகிரப்படுகிறது. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. போட்டி மாவட்டத்துக்குள் நிகழ்வதால், பக்கத்து வாங்கில் இருக்கும் நண்பனே போட்டியாளனாகிறான். அப்படியிருந்தும் இங்குள்ள மாணவர் குறிப்புக் கொப்பிகளைக் கைமாற்றிக்கொண்டனர். பழைய வினாத்தாள்களைக் கூடியிருந்து செய்தனர். பாடசாலையில் விஞ்ஞான, கணித ஆசிரியர் இல்லாத குறையை ரியூட்டரிகள் நிரப்பின. ஓலைக் கொட்டிலில் இருபது பேருடன் தொடங்கிய வகுப்பு, பேர்பெற்ற ஆசிரியர் என்றால் இருநூறு பேராகும். அங்கே குழு மறைந்து கூட்டம் உருவாகிறது. வினாக் கேட்கும் துணிவு பின் வாங்கில் இருப்பவனுக்கு வருவதில்லை.

போர்க்காலத்தில் வேறொரு தடையும் வந்தது. இளைஞர் நால்வர் ஐவர் ஒன்றாக நிற்பதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் கூடியிருந்த ஏறத்தாழ இருபது வயதுடைய ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து மடிந்தனர் என்று முதலிற் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படம்பிடித்து வெளிக்கொணர்ந்தவர் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். சந்தேக நபர்கள் 13 பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் இதனை எழுதாமற் கடந்துசெல்ல என்னால் இயலாது. கூடிக் கற்பதற்கு முதலில் வேண்டியது அச்சமின்றிக் கூடும் உரிமை.

2020இல் கொரோனா வந்தது. வகுப்பு சூம் திரைக்குள் நுழைந்தது. வட்ஸ்அப் குழுக்களில் குரற்பதிவுகள் பறந்தன. கொழும்பு ஆசிரியரின் பாடத்தை மூதூரிலிருந்தும் கேட்க முடிந்தது. ஆனால் கைபேசியும் டேட்டாவும் இருந்தவருக்கு மட்டுமே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது அந்த வகுப்பும் இருண்டது.

இவற்றுக்கிடையே எனக்கு நம்பிக்கை தரும் போக்கு ஒன்றுண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் உயர்தர மாணவருக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துகின்றனர். விடுமுறையில் ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவர் இலவசக் கருத்தரங்கு வைக்கின்றனர். தேறியவன் தேறவேண்டியவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நேற்றுத் தான் இடறிய இடம் எது என்பது அவனுக்கு நினைவிருக்கும். நாற்பது ஆண்டு கற்பித்த ஆசிரியருக்கு அது மறந்திருக்கும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடமும் வளைவும் கட்டிக்கொடுப்பதை நன்றியுடன் நோக்குகிறேன். ஆயினும் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இயங்குகிறது. அதன் மாணவர் பத்துப் பேர், கரையோரக் கிராமங்களில் வாரந்தோறும் பத்துப் பிள்ளைகளுடன் அமர்வதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒருவேளை உணவும் கொடுத்தாற் போதும். ஒரு வளைவுக்கு ஆகும் செலவில் இதனைப் பல ஆண்டுகள் நடத்தலாம்.