நியூட்டனும் ஒரு புத்தகக் கடைக்காரரும்

ஷேர் மார்க்கெட்டில் பணத்தை விட்டவரைப் பார்த்தால், "விவரம் தெரியாமல் இறங்கிவிட்டார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியென்றால் ஐசக் நியூட்டன் தப்பித்திருக்க வேண்டுமே! அவர் தப்பவில்லை நண்பர்களே.

1711-ல் லண்டனில் சவுத் ஸீ கம்பெனி தொடங்கப்பட்டது. ஸ்பானிய அமெரிக்காவோடு வியாபாரம் செய்வதாகப் பெயர். ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோய் விற்கும் கொடுமையும் அதில் அடக்கம். அதில் பெரிய லாபம் வரவில்லை. 1720-ல் பிரிட்டிஷ் அரசின் கடனைத் தன் பங்குகளாக மாற்றிக்கொள்ள அந்தக் கம்பெனி அனுமதி வாங்கியது. பங்கின் விலை ஏற ஏற, குறைந்த பங்குகளைக் கொடுத்தே கடன்காரர்களைத் திருப்திப்படுத்தலாம். ஆக, விலையை ஏற்றுவதே கம்பெனியின் பிழைப்பாகிவிட்டது. தன் பங்கை அடமானமாக வைத்துக்கொண்டு கடனும் கொடுத்தது. ஜனவரியில் சுமார் 128 பவுண்டாக இருந்த பங்கு, கோடையில் 1000-ஐ நெருங்கியது. ஆண்டு முடிவதற்குள் 200-க்கும் கீழே விழுந்தது.

நியூட்டன் அப்போது அரசு நாணயச் சாலையின் தலைவர். விலை ஏறத் தொடங்கியபோதே விற்று நல்ல லாபம் பார்த்தார். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் கோடையில், தான் விற்றதைவிட மிக அதிக விலை கொடுத்து மறுபடியும் வாங்கினார். 20,000 பவுண்டு வரை போனதாக உறவினர்கள் சொன்னார்கள்.

இடைப்பட்ட சில வாரங்களில் அவர் அறிவு குறைந்துவிட்டதா என்ன? அளவுகோல்தான் மாறியது. முதலில் விலையைக் கம்பெனியின் தகுதியோடு ஒப்பிட்டவர், பிறகு பக்கத்தில் இருப்பவர்களின் சம்பாத்தியத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் லாபமாக இருந்தது மனதில் நஷ்டமாகிவிட்டது!

அதே சந்தையில் தாமஸ் கை என்றொருவர். பைபிள் விற்றுப் பணக்காரரான புத்தகக் கடைக்காரர். ஏப்ரல் முதல் ஜூன் வரை தன் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தீர்த்தார். கிடைத்தது சுமார் 2,34,000 பவுண்டு. அவர் விற்ற பிறகும்தான் விலை ஏறியது. ஆனால் அவர் திரும்பி வரவில்லை. அந்தச் செல்வத்தில் எழுந்து 1725-ல் திறக்கப்பட்ட 'கைஸ்' மருத்துவமனை இன்றும் லண்டனில் இயங்குகிறது.

கை பெரிய ஞானி என்று சொல்ல வரவில்லை. உச்ச விலை எதுவென்று அவருக்கும் தெரியாது. அவரிடம் வாங்கி வைத்திருந்தவர்கள் பின்னால் அழுதிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் "நான் விற்ற பிறகும் ஏறட்டும், பரவாயில்லை" என்று இருக்க அவரால் முடிந்தது. நியூட்டனால் முடியவில்லை.

எங்கள் பி.காம். வகுப்பில் பேலன்ஸ் ஷீட் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். பக்கத்து பெஞ்ச் நண்பன் நேற்று சம்பாதித்ததைக் கேட்ட பிறகு அதே பேலன்ஸ் ஷீட்டை எந்தக் கண்ணால் படிப்போம்? அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. நாமேதான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.