குடல்வாலுக்குள் போன குண்டூசி

1735ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனை அறுவைக்குக் கிடத்தினார்கள். குழந்தைப் பருவத்திலிருந்தே அவனுக்குக் குடலிறக்கம். போதாததற்கு, தொடைக்கும் விரைப்பைக்கும் நடுவே புரை விழுந்து ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. கத்தி எடுத்தவர் கிளாடியஸ் அம்யாண்ட், மன்னர் இரண்டாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர். குடலிறக்கத்தைச் சரிசெய்யாமல் புரை ஆறாது என்று குடலிறக்கப் பையைத் திறந்தார். உள்ளே இருந்தது குடல்வால். அதைத் துளைத்துக்கொண்டு நின்றது ஒரு குண்டூசி.

வாய் வழியே இறங்கிய ஊசி, இரைப்பையைத் தாண்டி, பல மீட்டர் நீளச் சிறுகுடலையும் கடந்து அங்கே வந்திருந்தது. விழுங்கிய சின்னப் பொருள்கள் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இந்த ஊசி மட்டும் பெருங்குடலின் தொடக்கத்தில் திசைமாறி, குடல்வாலுக்குள் புகுந்துவிட்டது. சுண்டுவிரலைவிட மெலிந்த, ஒரு முனை மூடிய குழாய் அது. அதற்குள் போனது எளிதில் திரும்பாது. ஊசிமேல் படிவு படிந்து கல்லாக இறுகியது; கூர்முனை சுவரைக் கிழித்தது.

ஓட்டை விழுந்தும் சிறுவன் உயிரோடு இருந்ததற்குக் காரணம் உண்டு. அவனுடைய குடல்வால் வயிற்றறையில் இல்லை, குடலிறக்கப் பைக்குள் இறங்கியிருந்தது. கசிந்த மலமும் சீழும் வயிறு முழுக்கப் பரவாமல் பைக்குள் அடங்கி, புரை வழியே வெளியேறின.

மயக்க மருந்து இல்லாத காலம். ஏறத்தாழ அரை மணி நேரம் அந்தப் பிள்ளை வலியைத் தாங்கினான். அம்யாண்ட் குடல்வாலைக் கட்டி அறுத்தெடுத்தார்; ஊசியும் வெளியே வந்தது. சிறுவன் பிழைத்தான். வெற்றிகரமாக நடந்ததாகப் பதிவான முதல் குடல்வால் அறுவை அதுதான். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அம்யாண்ட் அதை எழுதிவைத்தார்.

ஆனாலும், வலப்பக்க அடிவயிற்றில் சீழ்பிடித்து மனிதர்கள் சாவதற்குக் குடல்வால்தான் மூலம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள மேலும் 150 ஆண்டுகள் ஆயின. 1886இல் அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ் அதைத் தெளிவாக்கி, காலம் தாழ்த்தாமல் அறுவை செய்யச் சொன்னார்.

இன்று அந்தக் குழாயை அடைப்பது ஊசி அல்ல. பல நேரங்களில் இறுகிய மலத்துணுக்கு, அல்லது வீங்கிய நிணத்திசு. அடைப்புக்குப் பின்னால் சளி சேர்ந்து அழுத்தம் கூடும். ரத்த ஓட்டம் குறையும், கிருமி பெருகும், சுவர் அழுகி ஓட்டை விழும். ஓட்டை விழுமுன் எடுத்துவிட்டால், லேப்ராஸ்கோப்பி முறையில் பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். விழுந்துவிட்டால் கதை வேறு: வயிற்றுக்குள் சீழ்க்கட்டி, நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் ஊசி, சிலருக்குச் சீழ் வடியக் குழாய். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் உடல் தேறத் தாமதமாகும். புகைப்பழக்கமும் மிகுந்த உடற்பருமனும் காயம் ஆறுவதைக் கெடுக்கும்.

அறுவைக்குப் பிறகு நம் வீடுகளில் இரண்டு தவறுகள் நடக்கின்றன: எழவே விடாமல் படுக்கவைப்பது, கஞ்சியைத் தவிர வேறெதையும் கொடுக்க அஞ்சுவது. மருத்துவர் அனுமதித்த உடனே மெல்ல நடந்தால் காலில் ரத்தம் உறைவதும் நுரையீரலில் சளி கட்டுவதும் குறையும். அவர் சொன்னபடி வழக்கமான உணவுக்குத் திரும்பினால் புண் ஆறத் தேவையான புரதம் கிடைக்கும். கனமான பொருளைத் தூக்குவதை மட்டும் அவர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்து சீழ் வடிந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

அந்தச் சிறுவனைக் காத்தது குடல்வால் இருந்த இடம். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, பசியின்மையோ வாந்தியோ சேர்ந்துகொண்டால், வாயுப்பிடிப்பு என்று மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.